வெள்ளைத் தூளும் சூரை மீனும்

போன இதழில் ஒரு கபடிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் கிரியேட்டின் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டேன், தசை வலுவுக்காக விளையாட்டுக்காரர்கள் கலக்கிக் குடிக்கிற வெள்ளைத் தூள் அது. அவ்வளவுதான். தொண்டியில் ஆரம்பித்து வாலிநோக்கம் வரை இந்த மாதம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே என்று வைத்துக்கொள்வோம். மூட்டுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, முப்பது வருடம் விசில் ஊதிய உடற்கல்வி வாத்தியார். நோய், மருந்து என்று பேச்சு திரும்புகிற இடத்தில் உங்களை டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

எங்கள் டீமில் நான் ரைடு போகிறவன். மூன்று பேர் கிரியேட்டின் எடுக்கிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா? எடுத்தால் எவ்வளவு எடுக்க வேண்டும்?
— கபடி வீரர், உச்சிப்புளி

வேலை செய்யும் தம்பி. எந்த இடத்தில் வேலை செய்யும் என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

உடம்பு சக்தியைச் செலவழிக்கிற கணக்கு இப்படி. சட்டைப் பையில் கிடக்கிற சில்லறை மாதிரி தசைக்குள் ஏ.டி.பி. என்று ஒன்று இருக்கிறது, முழு மூச்சில் பாய்ந்தால் இரண்டு மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். உடனே கை நீட்டுவது அப்பத்தா இடுப்பில் சொருகியிருக்கிற சுருக்குப்பையிடம். அதுதான் பாஸ்போகிரியேட்டின். கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும், ஆனால் அதுவும் ஒரு பத்து விநாடி வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் நாம் தின்ற சோறும் இட்லியும் மாவுச்சத்தாகத் தசையில் சேர்ந்து கிடக்கிறதே, அங்கே போக வேண்டும். அது பேங்க். பணம் நிறைய இருக்கும், வரிசையில் நின்றுதான் வாங்க முடியும். கிரியேட்டின் தூள் அப்பத்தாவின் சுருக்குப்பையைக் கொஞ்சம் கனமாக்குகிறது. அதற்கு மேல் ஒரு மாயமும் இல்லை.

இப்போது உங்கள் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரைடு 30 விநாடி. அதில் பாதிக்கு மேல் நீங்கள் அங்குமிங்கும் நகர்ந்து ஆழம் பார்க்கிற நேரம்தான். பாயிண்ட் தீர்மானமாவது கார்னர்காரன் கணுக்காலைக் கவ்விய பிறகு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு விரல் நுனியை நீட்டுகிறீர்களே, அந்த மூன்று விநாடியில். வெளியே வந்து மூச்சு வாங்கி, அடுத்த ரைடுக்கு மறுபடி போகிறீர்கள், அதற்குள் சுருக்குப்பை திரும்ப நிரம்பியாக வேண்டும். கிரியேட்டின் உதவுகிற இடம் இதுதான். கபடி, 100 மீட்டர், நீளம் தாண்டுதல், எடை தூக்குதல் என்று வெடித்துக் கிளம்பி நின்று மறுபடி வெடிக்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எட்டு தடவை தூக்கிக்கொண்டிருந்தவர் ஒன்பதோ பத்தோ தூக்குவார். அந்தக் கூடுதல் ஒன்றை மாதக்கணக்கில் தினமும் தூக்கினால் வலு ஏறும். பயிற்சிக்கே வராமல் தூளை மட்டும் குடிப்பவருக்கு ஏறுவது தராசு முள் மட்டும்தான்.

அளவு ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம், சிறிய டீஸ்பூனில் தலை தட்டி ஒன்று. காலையா மாலையா என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, விடாமல் எடுப்பதுதான் முக்கியம். முதல் 5 முதல் 7 நாள் தினம் 20 கிராம், நாலு தடவையாகப் பிரித்து, 'லோடிங்' என்று செய்வார்கள். ஒரு வாரத்தில் தசை நிரம்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தினம் 3 கிராம் எடுத்தாலும் மூன்று நாலு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடலாம், வயிற்றுப்போக்கு இல்லாமல். திருவிழாப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எதற்கு இந்த அவசரம்? 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' என்று போட்ட சாதாரணத் தூளே போதும். விலை கூடின வகைகள் அதைவிட நன்றாக வேலை செய்வதாக யாரும் காட்டவில்லை. நாளுக்கு 3 கிராம் என்றால் மாதத்துக்கு 90 கிராம்தான் ஆகிறது, ஒரு கிலோ டப்பாவைத் தலையில் கட்டப் பார்க்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இது நேற்று முளைத்த சரக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1832-லேயே செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் இறைச்சிக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தின்றால் தசையில் சேரும் என்று ரோஜர் ஹாரிஸ் குழுவினர் காட்டியது 1992-ல், விளையாட்டு உலகம் இதைப் பிடித்துக்கொண்டது அப்புறம்தான்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வயது 16. பீரோவில் துணிக்கு அடியில் வெள்ளைத் தூள் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கேட்டால் ஜிம் அண்ணன் கொடுத்தது, கிரியேட்டின் என்கிறான். இது ஸ்டீராய்டா? எனக்குத் தூக்கமே போய்விட்டது.
— ஒரு தாய், தங்கச்சிமடம்

தாயி, முதலில் மூச்சு விடுங்கள். கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை, போதைப்பொருளும் இல்லை. உங்கள் உடம்பில், என் உடம்பில், ஏன் உங்கள் குழம்புச் சட்டியில் கிடக்கிற மீனில்கூட இருக்கிறது. நம் ஈரலும் சிறுநீரகமுமே தினம் ஏறக்குறைய ஒரு கிராம் செய்துகொள்கின்றன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலிலும் இது கிடையாது.

எனக்குப் பிடிக்காதது அந்தக் கவர்தான். பெயர் இல்லை, தேதி இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. உள்ளே இருப்பது கிரியேட்டின்தான் என்று ஜிம் அண்ணன் சொன்னால் ஆயிற்றா? அவருக்கு யார் சொன்னார்கள்? உடம்பு ஏற்றும் பொடிகளில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டீராய்டு கலந்து விற்பது உலகம் பூராவும் பிடிபட்டிருக்கிறது. நாளைக்கு உங்கள் பையன் மாநில அளவில் ஆடி, நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் அதிகாரிகள் சிறுநீர் எடுத்துச் சோதித்து ஏதாவது வந்தால், 'அண்ணன் கொடுத்தார்' என்ற பதில் செல்லாது. பொறுப்பு ஆடுகிறவன் தலையில்தான். ஆகவே அந்தக் கவரை அப்படியே குப்பையில் போடுங்கள்.

வயது 16 என்கிறீர்கள். 18-க்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் குறைவு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் அந்த வயதில் வேண்டாம் என்றே சொல்கிறது. நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. அந்த வயதில் ஒழுங்காக முட்டை, மீன், பருப்பு தின்று, ராத்திரி போனை மூடிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினாலே வருகிற வளர்த்தி எந்தத் தூளிலும் வராது. அவனைத் திட்ட வேண்டாம். திட்டினால் கவர் பீரோவிலிருந்து வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

நாலு மாதமாக கிரியேட்டின் எடுக்கிறேன். வேலைக்கான மெடிக்கலில் ரத்தத்தில் கிரியேட்டினின் 1.5 என்று வந்தது. கிட்னி போய்விட்டது என்று வீட்டில் ஒரே அழுகை. நிஜமா?
— 27 வயது, இராமநாதபுரம்

கிரியேட்டின், கிரியேட்டினின் என்று பெயரே அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்.

தசையில் இருக்கிற கிரியேட்டின் தினமும் கொஞ்சம் உடைந்து கழிவாகிறது. 70 கிலோ ஆளின் உடம்பில் மொத்தம் சுமார் 120 கிராம் இருக்கும், அதில் நாளுக்கு இரண்டு கிராம் போல இப்படிப் போகும். அந்தக் கழிவின் பெயர்தான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளும், வடிக்கிற வேலை மந்தமானால் ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் டாக்டர்கள் அதை வைத்து சிறுநீரகத்தை எடை போடுகிறார்கள். ஆண்களுக்கு ஏறக்குறைய 1.3 வரை சாதாரணம் என்பார்கள்.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி நிற்கிறது என்றால் மடை அடைத்துக்கொண்டிருக்கலாம். மழை கூடுதலாகப் பெய்தும் இருக்கலாம், மடை நன்றாகவே திறந்திருக்கும். நீங்கள் உள்ளே கிரியேட்டினைக் கூடுதலாக ஊற்றுகிறீர்கள், கழிவும் கூடுதலாகத்தானே வரும். தசை பெருத்தவர்களுக்கும், முந்தின நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கும், ராத்திரி கறியும் மீனும் ஒரு பிடி பிடித்தவர்களுக்கும் இந்த எண் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். ஆரோக்கியமானவர்கள் சொன்ன அளவில் எடுத்தால் சிறுநீரகம் கெடுவதாக இத்தனை வருட ஆய்வுகளில் தெரியவரவில்லை.

அதற்காக 'வாத்தியார் சொல்லிவிட்டார், மழைதான்' என்று ரிப்போர்ட்டைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். மடையும் அடைத்திருக்கலாம். தூளை நிறுத்துங்கள். மூன்று நாலு வாரம் கழித்து, சோதனைக்கு முன் இரண்டு நாள் ஜிம்முக்குப் போகாமல், முந்தின ராத்திரி இட்லியோ சாதமோ சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். டாக்டரிடம் நாலு மாதமாகத் தூள் எடுத்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் மறைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கிரியேட்டின் தலையிடாத 'சிஸ்டாடின் சி' என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கலாம். இவை சரியாக இருந்தால் வீட்டில் அழுகையை நிறுத்தச் சொல்லலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தத் தூளைத் தொடவே கூடாது.

65 கிலோ பிரிவில் ஆடுகிறேன். கிரியேட்டின் எடுத்த பத்தே நாளில் தராசில் 66.3. எடை போடுகிற இடத்தில் வெளியே நிறுத்திவிட்டார்கள். கொழுப்பு ஏறிவிட்டதா? அடுத்த போட்டிக்கு எப்படி இறக்குவது?
— பெரியபட்டினம்

கொழுப்பு இல்லை, தண்ணீர். கிரியேட்டின் தசைக்குள் போகும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் வாரத்திலேயே ஒன்று, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறும். எடைப் பிரிவில் ஆடுகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்திருக்க வேண்டும். 63-ல் நிற்கிறவர் எடுக்கலாம், 64.8-ல் நிற்கிறவர் எடுத்தால் வீட்டுக்குத்தான்.

'எப்படி இறக்குவது' என்ற அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வாயில் புளியங்கொட்டையை அடக்கி எச்சில் துப்பிக்கொண்டு, மே மாத வெயிலில் ரெயின்கோட் மாட்டி ஓடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவன் எடை போட்டு முடிந்ததும் மைதானத்து ஓரம் கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான், உதடு வெளுத்து, கூப்பிட்டால் பதில் இல்லை. அமெரிக்காவில் 1997 கடைசியில் இப்படி எடை இறக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். முதலில் கிரியேட்டின் மேல்தான் பழி விழுந்தது. பிறகு விசாரித்ததில், ரப்பர் உடை போட்டுச் சூடான அறையில் வியர்வையைப் பிழிந்து எடுத்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதனால் என்ன செய்தாலும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். தூளை நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் தசை பழைய நிலைக்கு வரும், எடையும் இறங்கும். இல்லையென்றால் மேல் பிரிவுக்குப் போய் ஆடுங்கள்.

நோன்பு காலத்தில் எடுக்கலாமா? எப்போது? அப்புறம் இது இறைச்சியிலிருந்து எடுப்பது என்கிறார்களே, எந்த இறைச்சி?
— கால்பந்து வீரர், கீழக்கரை

இரண்டாவது கேள்விக்கு முதலில். கடையில் கிடைக்கிற தூள் இறைச்சியிலிருந்து வருவதில்லை. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்வது அது. ஆனால் கேப்சூலாக வாங்கினால் அந்த மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம், அது எந்த மிருகத்தினுடையதோ. டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத் தூளாகவே வாங்கிவிட்டால் அந்தச் சந்தேகமே வராது.

நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகோ, விடியுமுன் ஸஹரில் சாப்பாட்டோடோ ஒரு ஸ்பூன். லோடிங் மட்டும் அந்த மாதத்தில் வேண்டாம். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத நாளில் வயிறும் கலங்கினால் தாங்காது. கிரியேட்டின் எடுத்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று உங்கள் டீமில் யாராவது சொல்வார்கள், ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப் பயிற்சி எடுக்கிறேன். கிரியேட்டின் உதவுமா?
— பாம்பன்

உதவாது. 1966-ல் மிஹிர் சென் நீந்திய கடல் அது, ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மணிக்கணக்காகக் கையை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அப்பத்தாவின் சுருக்குப்பை கரையிலேயே காலி, முழுக்க பேங்க் பணம்தான். நீங்கள் பழக வேண்டியது நீரோட்டம், சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் பதறாமல் இருப்பது, கூட வருகிற வள்ளத்தைத் தொடாமல் மிதந்துகொண்டே கஞ்சியோ குளுக்கோஸ் தண்ணீரோ குடித்து வாந்தி எடுக்காமல் இருப்பது. அந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் உடல் தகுதித் தேர்வு வருகிறது. இன்னும் பத்து நாள். இப்போது ஆரம்பிக்கலாமா?
— சாயல்குடி

வேண்டாம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால்தான் கயிறே கண்ணில் படும். அந்த ஓட்டத்தில் கிரியேட்டினுக்குப் பெரிய வேலை இல்லை, பத்து நாளில் ஏறின ஒன்றரை கிலோத் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான் மிச்சம். கயிறு ஏறும்போதும் அந்த எடை கூடவே ஏறும். அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது கேளுங்கள், வேறு பதில் சொல்கிறேன்.

முடி கொட்டுமாமே?
— பெயர் வேண்டாம், மண்டபம்

2009-ல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் செய்த ஒரு ஆய்வில், முடி உதிர்வோடு சம்பந்தப்பட்ட ஒரு ஹார்மோன் ஏறியது. முடியை யாரும் எண்ணவில்லை. பின்னால் எண்ணிப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் தாய்மாமன் தலையைப் பார்த்தால் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கும்.

நாங்கள் தினமும் மீன் தின்கிறவர்கள். எங்களுக்கு எதற்கு இந்தத் தூள்?
— தேவிபட்டினம்

இந்த மாதக் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மீனில் கிரியேட்டின் இருக்கிறது, பச்சையாக ஒரு கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் வரை, சூரை மாதிரிச் சிவந்த சதை மீனில் 4 போல. அப்படியானால் ஒரு ஸ்பூன் தூளுக்கு ஈடாக ஒரு கிலோவுக்கு மேல் சூரை தின்ன வேண்டும், அதுவும் தினமும். குழம்பில் கொதிக்கும்போது கொஞ்சம் குழம்புக்குள் இறங்கும், கொஞ்சம் உருமாறிப் போகும். நாம் ஒரு வேளைக்குத் தின்கிற இரண்டு மூன்று துண்டில் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் அதிகம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் அதுவும் குறைவுதான்.

ஆனால் தினம் தினம் சேர்வதால் உங்கள் சுருக்குப்பை ஏற்கெனவே ஓரளவு கனமாகத்தான் இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் தூள் எடுத்தால் தெரிகிற மாற்றம் உங்களுக்கு அந்த அளவுக்குத் தெரியாமல் போகலாம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்துப் பாருங்கள், எத்தனை தடவை தூக்கினீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள், எண் நகரவில்லையென்றால் அந்தக் காசுக்குச் சூரையே வாங்கிக்கொள்ளலாம்.

கடற்காற்றில் தூள் கட்டி கட்டியாகிவிட்டது. தூக்கிப் போடவா?
— தொண்டி

வேண்டாம். கட்டியை ஸ்பூனால் உடைத்துக் கலக்கிக் குடிக்கலாம். ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள், உப்பு ஜாடியை மூடுவதுபோல இறுக்கி மூடி வையுங்கள். நிறம் மாறி வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். இன்னொன்று, காலையில் பாட்டிலில் கலக்கி வெயிலில் வைத்துவிட்டுச் சாயங்காலம் குடிக்கிற பழக்கம் உங்கள் மைதானத்தில் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்தபின் அது மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறிக்கொண்டே இருக்கும். கலக்கின கையோடு குடித்துவிடுங்கள்.